ரயிலில் நிரப்பிய ஃபாரம்

என் மகளுக்கு அப்போது பதினோரு வயது. வகுப்பில் உட்காருவதில்லை, யாரையும் பேச விடுவதில்லை, கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுகிறாள் என்று பள்ளியில் சொன்னார்கள். பெங்களூரில் குழந்தைகளின் மனநலம் பார்க்கிற டாக்டர் அம்மாவிடம் என் மனைவி அழைத்துப் போனாள். அவர் நான்கு பக்க ஃபாரம் ஒன்றைக் கொடுத்து, இரண்டு பேரும் யோசித்து நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார்.

ஃபாரம் இங்கிலீஷில் இருந்தது. நான் பள்ளிக்கூடம் போனது இரண்டு வருடம். அதில் ஒரு வருடம் வாசலில்தான் நின்றேன். தமிழ் படிப்பேன், எழுத்து கடை போர்டு அளவுக்குப் பெரிதாக இருந்தால். மனைவிக்குக் கன்னடம் வரும், இங்கிலீஷ் வராது. "என்கிட்ட குடு, எங்க பெட்டியில படிச்சவங்க இருக்காங்க" என்று பந்தாவாக வாங்கிக்கொண்டேன்.

பெட்டி என்றால், விடியுமுன் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் நான் ஏறுகிற பெங்களூர் ரயிலில் எங்கள் கூட்டம் உட்காரும் பெட்டி. தங்கச் சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பிழைப்பு பெங்களூரில்தான். நான் பெயிண்டர். கட்டடத்துக்கு வெளியே கயிற்றில் தொங்கிக்கொண்டு அடிப்பவன். என் மூஞ்சியை யாரும் உள்ளே விடாததால் வேலை பொருத்தமாக அமைந்தது. பெட்டியில் சீட்டுக்கட்டு, சட்னி, வயிற்றுவலி எல்லாம் பொது. ரேஷன் கார்டோ பேங்க் பேப்பரோ, யாருடையதாக இருந்தாலும் பங்காரப்பேட்டை வருவதற்குள் நிரப்பி முடித்துவிடுவோம்.

அன்றைக்கு என் ஃபாரம். துணிக்கடையில் பில் போடுகிறவன், எனக்கு மச்சான் முறை, சத்தமாகப் படித்தான்.

"ஒரு எடத்துல உக்காராம ஓடிக்கினே இருக்குமா?"

"ஆமா, போடு."

"கேள்வி முடியறதுக்குள்ள பதில் சொல்லிடுமா?"

"கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லும்."

"அப்பன மாதிரி. ரெண்டு டிக் போடறேன்."

பெட்டியே சிரித்தது. நானும்தான்.

"தூக்கம் இன்னா மாதிரி? சரியா இருக்கா, கொறச்சலா?"

"சரியாத்தான் இருக்கு. அலாரமே வேணாம்பா. ரெண்டு மணிக்கே எழுந்து எனக்கு டீ போட்டுக் குடுத்து, லைன் வீட்டுத் தெருமுனை வரைக்கும் பாடிக்கினே கூட வரா. அப்புறம் ஸ்கூலு. சாயங்காலம்கூட ஒரு கொட்டாவி கெடையாது."

"குடுத்து வெச்சவன்யா நீ" என்றார் எதிரில் இருந்தவர். "என் பையன் மேல தண்ணி ஊத்தணும்."

'சரி' என்பதில் டிக் விழுந்தது. யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை. எங்கள் ஊரில் இரண்டரை, மூன்றுக்கெல்லாம் வீடுகளில் விளக்கு எரியும். முன்பு ஷிஃப்ட்டுக்கு, இப்போது ரயிலுக்கு. அங்கே சீக்கிரம் எழுகிற பிள்ளை நல்ல பிள்ளை.

கடைசிப் பக்கத்தில், குடும்பத்தில் யாருக்காவது மனக்கோளாறு உண்டா என்று இருந்தது.

"உங்க நைனா?" என்று மச்சான் குரலை இறக்கிக் கேட்டான்.

என் அப்பா சில மாதம் தூங்காமல் தெருவுக்கே பந்தல் போடுவார், பாடுவார், மந்திரிக்குக் கடிதம் எழுதச் சொல்லி ஆளைப் பிடிப்பார். சில மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பார்.

"அது ஏர்பிளாஸ்ட்ல பயந்ததுபா" என்றேன். சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சிதறுவதை அப்படிச் சொல்வோம். எங்கள் ஊரில் ஆண்பிள்ளைக்கு எந்தக் கோளாறு வந்தாலும் சுரங்கத்தின் தலையில் போட்டுவிடலாம். 'இல்லை' என்பதில் டிக்.

ஃபாரத்தைப் படித்த டாக்டர், கவனக்குறைபாடாக இருக்கலாம் என்று சின்ன அளவில் மாத்திரை கொடுத்தார். ஏதாவது மாறினால் உடனே வரச் சொன்னார்.

மாறியது. இரண்டாவது வாரத்தில் அவள் படுக்கவே இல்லை. அம்மாவின் கல்யாணப் புடவையைக் கத்தரித்து, வகுப்பில் எல்லாருக்கும் டான்ஸ் டிரஸ் என்றாள். ஹெட்மிஸ்ட்ரஸுக்கு ஒன்றும் தெரியவில்லை, இனிமேல் பள்ளியை நான்தான் நடத்துவேன் என்று அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். எழுப்பியவர் கையைக் கடித்தாள். நாற்காலி விஷயத்தைக் கேட்டு நான் முதலில் சிரித்தேன். இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை.

மனைவி சிரிக்கவில்லை. மறுநாளே மூவரும் டாக்டரிடம் போனோம். மகளை நர்ஸோடு வெளியே உட்கார வைத்துவிட்டு, டாக்டர் அந்த ஃபாரத்தை எடுத்தார்.

"தூக்கம் சரின்னு டிக் பண்ணிருக்கீங்க. எத்தனை மணிக்குப் படுக்கும்?"

"நான் படுக்கறப்ப முழிச்சிக்கினு இருக்கும் மேடம். எழுறப்பவும் முழிச்சிக்கினு இருக்கும். நடுவுல தூங்கும்னு நெனச்சேன். நான் தூங்குனா கட்டடமே இடிஞ்சாலும் தெரியாது." சிரிப்பாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"தினமும் இப்படியா?"

மனைவி சொன்னாள்: "இல்ல மேடம். தீபாவளி முடிஞ்சி பத்து நாள் இப்படித்தான் ஆடினா. அப்புறம் படுத்துட்டா. சோறு வேணாம், குளிக்க மாட்டேன், ஒரே அழுவ. வயசுக்கு வரப்போறான்னு இருந்துட்டேன். பொங்கல் முடிஞ்சி மறுபடியும் ஆரம்பிச்சிது." என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இதெல்லாம் அந்த ஃபாரத்துல கேக்கலியா?"

"கேட்டாங்க" என்றேன்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "கவனம் நிக்காத பிள்ளை பெரும்பாலும் எல்லா நாளும் அப்படித்தான் இருக்கும். இது வருது, போகுது. தூங்காத பிள்ளை மறுநாள் சோர்ந்துடணும். இவளுக்குச் சோர்வே இல்ல. மேலோட்டமாப் பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். சில பிள்ளைங்களுக்கு ரெண்டுமே இருக்கும். மனசு ஒரேயடியா ஏறி, அப்புறம் ஒரேயடியா இறங்கற பைபோலார்னு சந்தேகப்படறேன், இன்னும் முடிவு பண்ணல. குடும்பத்துல யாருக்காவது?"

"எங்க நைனாவுக்கு" என்றேன். சுரங்கத்தில் இறங்குவதற்கு முன்பே அவர் அப்படித்தான் என்று என் அத்தை ஒருமுறை சொன்னதையும் சொன்னேன். மனைவி அதை அன்றைக்குத்தான் கேட்டாள்.

பழைய மாத்திரையை நிறுத்தினார். ரத்தம் எடுத்துப் பார்த்து வேறு கொடுத்தார். தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினாள், எப்படி இருந்தாள் என்று வீட்டில் குறித்து வைக்கச் சொன்னார்.

திரும்பும்போது ரயிலில் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். டாக்டர் அவளிடமும் தனியாகப் பேசியிருந்தார்.

"நைனா, இனிமே நான் சந்தோஷமா இருந்தா டாக்டர்கிட்ட சொல்லிடுவியா?"

"தூங்காம சந்தோஷமா இருந்தா சொல்லுவேன் கண்ணு."

"சும்மா சந்தோஷமா இருந்தா?"

"அதச் சொல்ல மாட்டேன்."

"எது எதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபமா, வருத்தமா, மறுபடியும் படுத்துக் கிடக்கப்போகிற நாட்களின் தொடக்கமா? நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். "அப்படிப் பாக்காத" என்றாள்.