ஹீட்சிங்க்கின் அடியில் ஒட்டியிருந்த தாள்

2009 மார்ச். என் மனைவி ஆய்வேட்டைச் சிதம்பரம் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்க இரண்டே நாள் இருந்தது. அடிக்கடி சூடேறிய கடலூர் வீட்டுக் கணினியின் பிராசஸருக்குச் சூட்டை வெளியேற்றும் புது ஹீட்சிங்க் வாங்கி, இடையே வெப்பம் கடத்தும் தெர்மல் பேஸ்ட் பூசிப் பொருத்தினேன். கணினி சும்மா இருக்கையில் ஐம்பது டிகிரி. நிம்மதியாக நாட்குறிப்பில் எழுதினேன். அவள் கணக்கீட்டை ஓட்டியதும் தொண்ணூறைத் தாண்டி அணைந்துவிட்டது. மூன்று முறை துடைத்துப் பூசியும் அதே கதை.

வந்து கழற்றிப் பார்த்த மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டான். "மாமா, அடியில இருக்கிற பிளாஸ்டிக் தாள உரிக்கவே இல்லியா? டிவி ரிமோட் மாதிரி இதயும் கவரோடவே வெச்சுக்கலாம்னு பாத்தீங்களா?"

உரித்துப் பூசிய பிறகு, கணக்கீடு ஓடும்போதும் அறுபதைத் தாண்டவில்லை. ஆய்வேடும் தப்பியது.

இப்போதெல்லாம் ஹீட்சிங்க்கின் அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தே பொருத்துகிறேன். கணினிக்கு அரை மணி நேரம் முழு வேலை கொடுத்த பிறகே நாட்குறிப்பில் வெப்பத்தைக் குறிக்கிறேன். புது ஃபிரிட்ஜின் கவரைத்தான் மனைவி இன்னும் பிரிக்க விடவில்லை.