முப்பது நாள் மர வாசனை

அவள் வேலை பார்த்தது ஒரு சிறிய வாசனைத் திரவியக் கம்பெனியில். புதிதாகத் தயாராகும் வாசனை தினசரி பூசிக்கொள்ளத் தோதானதா என்று பார்த்து அறிக்கை எழுதுவது அவள் பொறுப்பு. அந்த மாதம் வந்தது ஆண்களுக்கான கொலோன். தேவதாருவும் வெட்டிவேரும் கலந்த மர வாசனை. வியர்க்க வியர்க்க உழைக்கிற ஒருவர் அதை முப்பது நாள் பூச வேண்டும். கணவனுக்கு எந்த வாசனை பட்டாலும் தும்மல். அதனால் பாட்டிலைக் கணவனின் அண்ணனிடம் கொடுத்தாள்.

அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி குடும்பத்தோடேயே இருப்பவர். சோதனைக்கு என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. சொன்னால் கூச்சப்பட்டுத் தொடவே மாட்டார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, "உங்களுக்குத்தான் அத்தான், வச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவருக்கு வாயெல்லாம் பல். கண்ணாடி முன் நிற்கும் நேரம் கூடியது. பெண் பார்க்கப் போகிறாயா என்று தம்பி கிண்டல் செய்ததற்குக்கூடக் கோபிக்கவில்லை. தினமும் அவர் வீடு திரும்பியதும் அவள் கேட்பாள்: வாசனை மத்தியானம்வரை நின்றதா, தலை வலித்ததா, பக்கத்தில் இருந்தவர்கள் ஏதாவது சொன்னார்களா. அவர் டிப்போ கதையெல்லாம் சேர்த்து விலாவாரியாகச் சொல்வார். அந்த வீட்டில் அதுவரை யாரும் அவரிடம் அத்தனை கேள்வி கேட்டதில்லை. அவள் சமையலறைக்குப் போய்ப் படிவத்தில் குறித்துக்கொள்வாள். சட்டையில் புளித்த நெடி அடித்ததையும் குறித்தாள்.

மூன்றாவது வாரம் அவளுக்கு ஒரு குடை வாங்கி வந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மாதாம்மா" என்றார். சோதனைக்காகத்தான் கொடுத்தேன் என்று அப்போதே சொல்லிவிட நினைத்தாள். ஆனாலும் சொல்லவில்லை.

மாதக் கடைசி அவசரத்தில் அறிக்கை போனது: காலையில் நன்று, மாலையில் வியர்வையோடு சேர்ந்து புளிக்கிறது, தினசரிக்கு ஏற்றதல்ல. கம்பெனி அந்தக் கொலோனைக் கைவிட்டது. ஒன்றரை வருடம் மெனக்கெட்டு அதைக் கலந்தெடுத்தவர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

வீட்டில் பாட்டில் தீர்ந்தது. இது எந்தக் கடையில் கிடைக்கும், இனி நானே வாங்கிக்கொள்கிறேன் என்று அத்தான் கேட்டார். பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் காலிப் பாட்டிலைக் கீழே வைத்தார். பிறகு, "என்னன்னு எழுதின?" என்றார்.

சொன்னாள்.

"புளிச்ச வாடை பாட்டில்ல இல்லம்மா. நாலு மணிக்கு மேல எனக்கு பேட்டரி ரூம்ல வேலை. அது ஆசிட் நெடி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

மறுநாளே மேனேஜரிடம் போய் நடந்ததை ஒப்புக்கொண்டாள். அதற்குப் பதிலாக வேறொரு வாசனை ஏற்கெனவே பாட்டிலுக்குப் போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லி, எச்சரிக்கைக் கடிதம் ஒன்றை நீட்டினார் அவர். அந்தக் கொலோனைக் கலந்தவரிடமும் மன்னிப்புக் கேட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே, மிச்சமிருந்ததை ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்.

அத்தான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. பூசிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார். அவளிடம் முகம் கொடுத்துத்தான் பேசுகிறார். ஆனால் சாப்பிட்டீர்களா என்று அவள் கேட்டால்கூட, பதில் சொல்லுமுன், இதுவும் படிவத்துக்கா என்பதுபோல ஒரு கணம் அவளைப் பார்க்கிறார். அவளுக்குத் தலை தானாகக் குனிந்துவிடுகிறது.