பன்னிரண்டாம் நம்பர் மரம்

விவசாய இலாகா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டவர்கள் திருவையாற்றுப் பக்கம் எத்தனை பேர் என்று தேடினால் ஒருவர்தான் தேறுவார். அவர் பெயர் உத்திராபதி. கேட்டதோடு நிற்காமல் சொன்னபடி செய்தும் விட்டார். அதனால் அவருக்கு ஒரு ஏக்கர் படுகை போயிற்று. இலாகாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இலாகா சொன்னது அத்தனையும் சரி. அதுதான் சங்கடம்.

படுகை என்பது ஆற்றங்கரையை ஒட்டிக் கிடக்கும் வண்டல் நிலம். வாழைக்கட்டையைத் தூக்கி எறிந்தால்கூட வேர் பிடித்துவிடும் என்பார்கள். உத்திராபதியின் அப்பா காத்தான், பெரிய பண்ணை என்று ஊர் சொல்லும் மிராசுதார் வீட்டிலிருந்து அந்த நிலத்தைக் குத்தகைக்கு வாங்கியவர். எல்லாம் வாய்ப்பேச்சு. குத்தகை வருஷம் தவறாமல் போய்ச் சேர்ந்தது. ரசீது மட்டும் வந்து சேரவில்லை. ரசீது கேட்பது மரியாதைக் குறைவு என்று பண்ணை நினைத்தது. காத்தானும் அப்படியே நினைத்துப் பழகியிருந்தார். அவருக்குப் பிறகு நிலமும் அந்தப் பழக்கமும் மகனுக்கு வந்தன.

நிலத்தின் மூலையில் காத்தான் வைத்த ஒரு மாமரம் இருந்தது. கொட்டை போட்டு முளைத்த நாட்டு மரம். அதன் காயைக் கடித்தால் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். பழுக்கவிட்டுக் கடித்தால் இரண்டு கண்ணும் மூடிக்கொள்ளும். உத்திராபதியின் மனைவி அம்சம் மட்டும் அதை மெச்சுவாள். மீன் குழம்புக்கு அது போதும், புளியே வேண்டாம்.

நிலத்துக்கு வெளியே, கரையோரமாக, பண்ணையின் ஒட்டு மாமரங்கள் பதினொன்று நின்றன. மாசி மாதம் பூ உதிர்ந்து பிஞ்சு தெரிகிற நேரத்தில் பண்ணையின் காரியக்காரர் குஞ்சிதபாதம் தார் டப்பாவோடு வருவார். ஒவ்வொரு மரத்திலும் ஒரு நம்பர் எழுதுவார். கூத்தாநல்லூரிலிருந்து பழ வியாபாரி அப்துல் வஹாப் பாய் வந்து பார்த்துவிட்டு, காய்ப்பை மரக்கணக்கில் விலை பேசி முடித்துப் போவார். ஒன்றிலிருந்து பதினொன்று வரை. மூலையில் நின்ற புளிச்ச மரத்தில் இருபது வருஷமாக யாரும் தார் தொட்டு வைக்கவில்லை.

ஆட்சி மாறியது. எங்கள் பக்கத்தில் கொடிக்கம்பங்களும் மாறின. மேடையில் மிராசுதாரைத் திட்டியவர்கள் மேடையை விட்டு இறங்கி அவர் வீட்டுக் காரில் ஏறிப் போனார்கள். நில உச்சவரம்புக்குப் பயந்து பெரிய பண்ணை தன் நிலத்தை அத்தை, மாமி, இன்னும் பெயர் வைக்காத பேரன் என்று பிரித்து எழுதி வைத்தது. நடுவில் நிஜமாகவே ஒரு சட்டமும் வந்தது. நிலத்தில் இறங்கி உழுகிற குத்தகைக்காரன் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏறிவிட்டால் அவனை வெளியேற்றுவது லேசல்ல.

உத்திராபதி மனுப் போட்டார். பண்ணையின் பதில் ஒரே வரி: இந்த ஆள் குத்தகைக்காரன் இல்லை, எங்கள் தோட்டத்தில் கூலிக்கு வேலை செய்கிறவன்.

விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் துரைக்கண்ணு நிலத்துக்கு வந்து சுற்றிப் பார்த்தார். புளிச்ச மரத்தடியில் நின்றார்.

"ரசீது இல்லேன்னு ஏன் அழுவுறீங்க? இதோ நிக்குது பாருங்க ரசீது."

"இதுவா? இதுல காக்கா கூட உக்காராது தோழர்."

"அதான் வேணும். நிலம் பண்ணை கையில இருந்தா, அதுல நிக்கிற மரத்துக்கும் நம்பர் விழுந்திருக்கும்ல? இருபது வருஷமா விழலையே. ஏன்? இது உங்க நிலம், உங்க மரம்னு அவங்களுக்கே தெரியும். பாயைக் கூப்பிட்டுக் கேட்டா அவரே சொல்லுவாரு. தாசில்தார் வந்து பாக்குற வரைக்கும் மரத்தை இப்படியே வச்சிருங்க."

தாசில்தார் வர மூன்று வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் இலாகா வந்துவிட்டது.

மனுப் போட்ட மறு வருஷம் மாசியில், பழத்தோட்டக்காரர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி முகாம். சம்பா அறுவடை முடிந்து தாளடியில் உளுந்து பச்சை பிடித்துக் கிடந்த சமயம். ஊருக்கு ஒருவர் என்று கூப்பிட்டிருந்தார்கள். மற்ற ஊர்களிலிருந்து சாப்பாடு பிடித்தவர்கள் வந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து உத்திராபதி போனார்.

பாடம் நடத்தியவர் ஜெக்கரியா என்ற இளம் அதிகாரி. வாசலில் நின்று வந்தவர்களை ஒவ்வொருவராக, "வாங்க, வாங்க. முன்னாடி வந்து உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். உத்திராபதிக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. சர்க்கார் கட்டடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அடுத்த ஐந்து நாளும் அவர் அந்த நாற்காலிக்கு விசுவாசமாக இருந்தார்.

மாசியில் வாழையடியில் முளைக்கும் பக்கக்கன்றை எப்படி அறுத்து வாங்குவது, மா பூத்து விரிந்திருக்கும்போது ஏன் மருந்தடிக்கக் கூடாது, காய்ந்த கிளையை எந்த இடத்தில் அறுப்பது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பில் பாதிப் பேர் குறட்டை விட்டார்கள். நான்காம் நாள் ஜெக்கரியா, உதவாத நாட்டு மாமரத்தை நல்ல மரமாக மாற்றும் வித்தையைக் காட்டினார். மாசியில் இடுப்புயரத்துக்கு அறுத்துவிட வேண்டும். அடிமரத்தில் துளிர் வரும். ஆடியில் அந்தத் துளிரில் நல்ல சாதி மரத்துக் குச்சியை ஒட்டுக் கட்ட வேண்டும். மூன்றாம் வருஷம் காய்ப்பு.

உத்திராபதி எழுந்து நின்றார். "ஐயா, வேர் அதேதானேங்க?"

"அதே வேர்தான். உக்காந்தே கேளுங்க."

"அப்ப மரமும் அதே மரம்தானேங்க?"

"சந்தேகமே இல்லை. உங்க மரம் உங்க மரம்தான்."

மரநூலின்படி அது நூற்றுக்கு நூறு சரியான பதில்.

துரைக்கண்ணு ஊரில் இருந்திருந்தால் தடுத்திருப்பார். அறுவடைக் கூலித் தகராறில் அவரைத் திருச்சி ஜெயிலில் வைத்திருந்தார்கள். தடுத்துப் பார்த்தது அம்சம் ஒருத்திதான்.

"மரத்தை வெட்டிட்டு மீன் குழம்புக்கு நான் எங்க போறது?"

"வெட்டலடி. மாத்துறேன்."

"அறுவாள வச்சிக்கிட்டு நிக்கிற ஆளு பேசுற பேச்சா இது? அந்தத் தோழர் அப்படியே வச்சிருக்கச் சொன்னாருல்ல?"

"வேர் அங்கதானே இருக்கு? ஆபீசரே சொல்லிட்டாரு."

அறுத்த அடிமரம் துளிர்த்தது; ஆடி பிறந்ததும் ஒட்டுக்குச்சி வேண்டியிருந்தது. நல்ல சாதி என்றால் ருமானி; அந்தக் குச்சி கிடைக்கும் இடம் பண்ணைத் தோப்புதான். உத்திராபதி காரியக்காரரிடம் போய் நின்றார். குஞ்சிதபாதம் வெற்றிலையை மென்றபடி எல்லாவற்றையும் விசாரித்தார். எந்த மரம், எப்படி மாறும், எப்போது காய்க்கும்.

"அந்தப் புளிச்ச மரமா? இனிப்பா ஆயிடுமா?"

"ஆயிடுங்கய்யா."

"நாலு குச்சிதானே, எடுத்துக்க. நாலாம் நம்பர்ல எடு, அதுதான் நல்ல பழம். படிக்கணும்னு ஆசைப்படுறே. நான் குறுக்க நிப்பனா?"

அவர் அப்போதே திட்டம் போட்டாரா, மூன்று வருஷம் கழித்துத்தான் புத்தி வேலை செய்ததா என்பது இன்று வரை தெரியாது. குஞ்சிதபாதத்தைக் கேட்டால் இப்போதும், "கேட்டான், குடுத்தேன்" என்கிறார். அதுவும் பொய்யில்லை.

ஜெயிலிலிருந்து வந்த துரைக்கண்ணு, அடிமரத்தில் நாலு குச்சியும் மெழுகுத்துணிக் கட்டுமாக நின்றதைப் பார்த்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்தார்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க?"

"மேல் ஒட்டு, தோழர். நாலும் பிடிச்சிருச்சு."

மூன்றாம் வருஷம் மரம் பூத்தது. இலாகா சொன்ன கெடு ஒரு மாதம்கூடத் தவறவில்லை. மாசிக் கடைசியில் உத்திராபதி வாழையில் பக்கக்கன்றை அறுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது குஞ்சிதபாதம் தார் டப்பாவோடு வந்தார். பதினோராம் மரத்தில் எழுதி முடித்தவர் வரப்பில் இறங்கி நேராக மூலைக்கு நடந்தார். பன்னிரண்டு என்று எழுதினார்.

உத்திராபதி ஓடி வந்தார். "ஐயா, இது எங்க மரங்க!"

"உங்க மரம் எது?"

"இதாங்க. எங்கப்பா வச்சது."

"உங்கப்பன் வச்சது புளிக்கும். ஊருக்கே தெரியும். இது புளிக்குமா?"

உத்திராபதிக்கு மூன்று வருஷத்து உழைப்பு நினைவுக்கு வந்தது. மனசாட்சியுள்ள மனிதர். "புளிக்காதுங்க" என்றார்.

"அப்புறம்?" என்று சொல்லிவிட்டு, குஞ்சிதபாதம் மட்டையால் தாரை இன்னொரு தடவை இழுத்துவிட்டார்.

வைகாசியில் குத்தகைப் பதிவுத் தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே மடியில் காகிதக் கட்டோடு ஒரு குமாஸ்தா. துரைக்கண்ணு முதல் நாளே சொல்லி வைத்திருந்தார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில். எங்கப்பா வச்ச மரம், நாங்க உழுவுற நிலம், அவ்வளவுதான். ஒட்டு கிட்டுன்னு வாயைத் தொறந்தீங்க, காரியம் கெட்டுது."

"சரிங்க தோழர். தொறக்க மாட்டேன்."

முதலில் அப்துல் வஹாப் பாயைக் கேட்டார்கள். அவர் நேர்மையான மனிதர், அதனால் யாருக்கும் முழுசாக உதவவில்லை. "மூலையில ஒரு புளிச்ச மரம் நின்னுச்சுங்க. அதை நானும் வாங்கல, பண்ணையும் விக்கல. இந்த வருஷம் பன்னெண்டு மரம்னு பேசினாங்க, வாங்கிட்டேன்."

"அந்தப் புளிச்ச மரம் எங்க?"

பாய் உத்திராபதியைப் பார்த்தார். "இதுதான்னு சொல்றாருங்க."

தாசில்தார் கீழே கிடந்த பழம் ஒன்றை எடுத்துக் கீறித் தின்றார். இரண்டு கண்ணையும் திறந்துகொண்டே தின்றார். "இதுவா புளிச்ச மரம்? யார்கிட்ட கதை சொல்றீங்க?"

அந்த இடத்தில் விசாரணை எப்படியும் போயிருக்கலாம். அடுத்த கேள்வியைத் தாசில்தார் அதிகாரியாகக் கேட்கவில்லை.

"எங்க வீட்டுக் கொல்லையிலயும் ஒண்ணு நிக்குது. வாயில வைக்க முடியல. இப்படி ஆக்க முடியுமா என்ன?"

உத்திராபதி துரைக்கண்ணுவைப் பார்த்தார். துரைக்கண்ணு கண்ணால் கெஞ்சினார்.

"முடியுங்க" என்றார் உத்திராபதி.

பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. எந்த மாதத்தில் அறுப்பது, அறுத்த வாயில் சாணியும் செம்மண்ணும் எவ்வளவு கனத்துக்கு அப்புவது, வருகிற துளிரில் எதை விட்டு எதைக் கிள்ளுவது. ஒட்டுக்குச்சி பென்சில் கனம் இருக்க வேண்டும். எடுப்பதற்குப் பத்து நாள் முன்னாலேயே அதன் இலையை நறுக்கிவிட வேண்டும், அப்போதுதான் மொட்டுத் திமிறும். பேனாக் கத்தியால் எப்படிச் சீவுவது என்று தன் விரலிலேயே கோடு போட்டுக் காட்டினார். தாசில்தார் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஜீப் டிரைவர் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். குஞ்சிதபாதம்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டார். எங்கள் ஊரில் அப்படி ஒரு பாடத்தை அதற்கு முன் யாரும் நடத்தியதில்லை.

"குச்சிக்கு எங்க போனீங்க?"

"பண்ணை நாலாம் நம்பர் மரங்க. ஐயாகிட்ட கேட்டேன், எடுத்துக்கச் சொன்னாரு. ஒட்டுக் கட்டுறப்ப வந்து பாத்தாருங்க."

குமாஸ்தா எழுதிக்கொண்டே இருந்தார்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. துரைக்கண்ணு படித்துக் காட்டினார். பண்ணை மரத்தின் குச்சியை, பண்ணைக் காரியக்காரரின் அனுமதியோடு, அவர் பார்க்கவே ஒட்டுக் கட்டியதாக மனுதாரர் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தோட்ட வேலையில் நல்ல தேர்ச்சி இருப்பதும் நேரில் தெரிந்தது. ஆகவே அவர் பண்ணையின் தோட்ட வேலையாள். மனு தள்ளுபடி.

"தேர்ச்சின்னு எழுதியிருக்காங்களா?" என்று உத்திராபதி கேட்டார்.

"எழுதியிருக்காங்கய்யா" என்றார் துரைக்கண்ணு. அவர் உத்திராபதியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பீலுக்கு வழி இருந்தது. துரைக்கண்ணு வாரம் ஒரு தடவை வந்து வற்புறுத்தினார். ஜெக்கரியாவைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்றார். ஜெக்கரியா மாற்றலாகித் தர்மபுரிப் பக்கம் போயிருந்தார். கடுதாசி போட்டும் பதில் இல்லை. உத்திராபதி கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "அங்கயும் ஒருத்தர் கேப்பாரு தோழர். நான் சொல்லிருவேன்."

நிலம் பண்ணை கைக்குப் போய், அங்கிருந்து குஞ்சிதபாதத்தின் மைத்துனர் கைக்குப் போயிற்று. அந்த மனிதர் பக்கக்கன்றை வாங்குவதில்லை. வாழை புதராக மண்டிக் கிடக்கிறது, குலை சிறுத்துவிட்டது. உத்திராபதி ஆற்றுக்குப் போனால் சுற்றுவழியில் போகிறார்.

அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. மாசி பிறந்தால் நன்னிலத்திலிருந்துகூட ஆள் வந்து கூப்பிடுகிறார்கள். அறுப்பார், கட்டுவார், அவர் கட்டியது பட்டுப்போவதில்லை. தாசில்தார் வீட்டுக் கொல்லை மரத்தையும் அவர்தான் மாற்றிக் கொடுத்தார். போகாதே என்று அம்சம் இரண்டு நாள் மல்லுக்கு நின்றாள். அவர் போனார். "மரம் என்னா பண்ணுச்சு?" என்பது அவர் கட்சி.

போன வருஷம் அவர் சட்டைப்பை நிறைய மெழுகுத்துணியோடு பஸ்ஸுக்கு நின்றபோது கேட்டேன். முகாமுக்குப் போயிருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?

"அதெல்லாம் இல்லீங்க. அந்த ஆபீசர் பிள்ளை நல்ல மனசோட சொல்லிக் குடுத்துச்சு." பிதுங்கிய மெழுகுத்துணியைப் பைக்குள் அமுக்கினார். "அன்னிக்குத் தாசில்தார் கேட்டாருல்ல, இப்படி ஆக்க முடியுமான்னு. தெரியாதுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கப்பா ஆயுசு பூரா எதைக் கேட்டாலும் அதைத்தான் சொன்னாரு. வாய்க்கா யாரு வெட்டினது, தெரியாதுங்க. மாடு யாரோடது, தெரியாதுங்க. நிலம் அவரு கையிலதான் இருந்துச்சு. எனக்குத்தான் வாயில வரலைங்க."