ஆன்டெனாவுக்கு வாங்கிய பச்சை மூங்கில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய், பில்லி, சூனியம் என்று யாராவது ஆரம்பித்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். கப்பலூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் மின்சார வேலைகளுக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். மோட்டார் ஓடவில்லை என்றால் எங்கேயோ ஒயர் அறுந்திருக்கும், அவ்வளவுதான், எலுமிச்சம்பழம் கட்டினால் ஓடாது. ஆயுத பூஜையன்று மிஷினுக்குப் பொட்டு வைக்கும்போதுகூட நான் ஓரமாக நின்று சுண்டல் எப்போது வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்படிப்பட்டவன் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் ஏதோ உளறினான் என்று விட்டுவிடுங்கள். யாரிடமாவது சொல்லியாக வேண்டும், வீட்டில் சொல்ல முடியவில்லை.

எனக்கு ஹாம் ரேடியோ பைத்தியம் உண்டு. பரீட்சை எழுதி, அரசாங்க லைசென்ஸ் வாங்கி, வீட்டில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, மைக்கில் முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு. கையில் செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்று என் மனைவி புவனா கேட்காத நாளில்லை. பெட்டியை எந்த மூலையிலும் வைத்துக்கொள்ளலாம். ஆன்டெனாவைத்தான் ஊருக்குத் தெரியாமல் வைக்க முடியாது.

சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் வீடு மாறி வந்த புதிது. வீடுகள் ஒன்றோடு ஒன்று முதுகு உரசிக்கொண்டு நிற்கும், ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்மல் வரும். வந்ததும் வராததுமாகக் கெட்ட பேர் வாங்க வேண்டாம் என்று அல்வாப் பொட்டலத்தோடு வீடு வீடாகப் போனேன்.

"இடி நேரா எங்க வீட்டுல எறங்கிராதா தம்பி?"

"செல்போன் டவர் மாதிரி புத்துநோய் வரும்னு சொல்றாகளே?"

"கரண்டு பில்லு எங்களுக்கும் சேந்து வருமா?"

தொண்டை காயும்வரை விளக்கினேன். எல்லோருடைய பயத்துக்கும் நடுவில் நின்றது இரும்புக் கம்பம்தான் என்று புரிந்தது. சரி, இரும்பே வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எதிர் வீட்டுப் பாண்டி மட்டும் எதுவும் கேட்கவில்லை. சின்னதாக ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன், நாற்பது வயதுகூட இருக்காது, மனைவி, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். "நீங்க எத வேணா நடுங்கண்ணே, மேல ஏற ஆள் வேணும்னா ஒரு சத்தம் குடுங்க, வாரேன்" என்றான்.

பக்கத்து வீட்டில் சோமு அண்ணன். பஸ் கண்டக்டர். இதயத்தில் ஆபரேஷன் முடிந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். அவர் மனைவி வள்ளி அக்கா அவரைக் கண்ணாடிப் பாத்திரம் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இருமினால்கூட அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவருவார். அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. அவர் போய்விட்டால் அக்காவுக்கு உலகத்தில் யாருமில்லை, அது தெருவுக்கே தெரியும்.

இரும்பு இல்லை என்று சொல்லியாகிவிட்டது, அப்புறம் மூங்கில்தான். வைகைக் கரைப் பக்கம் ஒரு மூங்கில் கடைக்குப் போனேன். நீளமான காய்ந்த மூங்கில் இல்லை, பச்சைதான் இருக்கிறது என்றார் கடைக்காரர். பச்சையாக இருந்தால் எனக்கென்ன, ஒயரைத் தாங்கினால் போதும். எதற்கு என்றுகூட அவர் கேட்கவில்லை. தலையைக் குனிந்தபடி நேரான இரண்டு மூங்கில்களைத் தேர்ந்தெடுத்துக் கயிற்றால் கட்டிக் கொடுத்தார்.

"வாரேண்ணே" என்றேன்.

"வாரேன்னு சொல்லாதீக. சும்மா போங்க."

என்ன மனிதர் இவர், வியாபாரம் செய்கிற வாயா இது என்று திட்டிக்கொண்டே வந்தேன்.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. பிறந்து வளர்ந்தது இந்த ஊர்தான், எத்தனையோ சாவு வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன், ஆனாலும் மண்டை முழுக்க ஆன்டெனா. மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் அந்த மூங்கில்கள் ஆடிக்கொண்டே தெருவுக்குள் நுழைந்ததும் பெண்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள். "யாருக்கு? யாரு வீட்ல?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பாடை கட்டத்தான் பச்சை மூங்கில் தெருவுக்குள் வரும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது.

வண்டி என் வீட்டு வாசலில் நின்றது, அதாவது பக்கத்து வாசலில் சோமு அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னாலேயே.

"என்ன மாப்ள, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமலே ஆர்டர் குடுத்துட்டியா? அளவாச்சும் எடுத்தியா?" என்று அவர் சிரித்தார்.

வள்ளி அக்கா சிரிக்கவில்லை. வாசலுக்கு வந்து நின்றவர் மூங்கிலைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "இதக் கொண்டுபோயிருங்க தம்பி. ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். வந்தது வெறுங்கையாத் திரும்பாது" என்று நடுத்தெருவில் அழுதார்.

"அடியே, அது ரேடியோவுக்கு! நெஞ்சப் பொளந்தே போகாதவன் ரெண்டு கம்புக்கா போயிருவேன்? நடு மாப்ள, நான் சொல்றேன்" என்றார் அண்ணன்.

நான் திருப்பி அனுப்பத்தான் இருந்தேன். அண்ணன் பிடிவாதமாக நின்றுவிட்டார். அன்றைக்கே பாண்டி மாடி ஏறி, முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக இரண்டையும் நிறுத்திக் கட்டி, நடுவில் ஒயரை இழுத்துக் கொடுத்தான். அன்றிலிருந்து வள்ளி அக்கா எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஆன்டெனா என்னவோ பிரமாதமாக வேலை செய்தது. இலங்கை, கேரளா, ஆந்திரா என்று பக்கத்து அறையில் இருப்பதுபோலக் கேட்டது. ஒரே ஒரு தொந்தரவு, நான் மைக் பட்டனை அழுத்திப் பேசினால் அண்ணன் வீட்டு டிவி ஸ்பீக்கரில் என் குரல் கரகரத்தது. இது எங்கும் நடப்பதுதான், பக்கத்திலேயே இருப்பதால் டிவி ஒயர்கள் நம் பேச்சை வாங்கிவிடும். சரிசெய்கிறேன் என்று சொல்லப் போனால், "சீரியலவிட நீ நல்லாத்தான் பேசுற, இருக்கட்டும்" என்று அண்ணன் விடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. புவனா கீழக்குயில்குடியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். நான் சாப்பிட்டுவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன். வெளியே கொளுத்துகிற வெயில், நல்ல பகல். பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். யாராவது கிடைக்கிறார்களா என்று அலைவரிசையைத் திருகிக்கொண்டே வந்தபோது ஒரு குரல்.

"அண்ணே, மூங்கில் வந்துருச்சா?"

ரேடியோவில் எவ்வளவு பலமான குரலாக இருந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு இரைச்சல் இருக்கும். இந்தக் குரலுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. கிணற்றுக்குள் தலையை விட்ட மாதிரி நிசப்தம், அதில் இந்தக் குரல் மட்டும். எங்கள் ஆட்கள் எவனோ விளையாடுகிறான் என்று நினைத்தேன். எங்களில் ஒவ்வொருவருக்கும் கால் சைன் என்று ஒரு அடையாளம் உண்டு, அதைச் சொல்லாமல் பேசக் கூடாது.

"யாரு பேசுறது? கால் சைன் சொல்லுங்க."

"பச்ச காயலையே அண்ணே?"

"எந்த ஊர்லருந்து பேசுறீக?"

"கெளம்பிட்டோம்ணே. ஆளு ரெடிதானே?"

மிரட்டல் இல்லை, கேலி இல்லை. கல்யாண வீட்டுக்குப் பந்தல் போட வருகிறவர் போன் செய்து விசாரிப்பாரே, அந்த அவசரம், அந்த மரியாதை. சுவருக்கு அந்தப் பக்கம் சோமு அண்ணன் படுத்திருக்கிறார் என்பது மட்டும்தான் அப்போது ஞாபகத்தில் இருந்தது. "இங்க யாரும் மூங்கில் கேக்கல. இங்க ஒண்ணும் இல்ல, எங்களுக்கு வேணாம்" என்று மைக்கில் கத்திவிட்டுப் பெட்டியை அணைத்தேன்.

திருமங்கலத்தில் எனக்கு ஒரு ஹாம் நண்பர் உண்டு. போனில் கேட்டேன். நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ அவரும் அந்த நேரம் அதே அலைவரிசையில்தான் கேட்டுக்கொண்டிருந்தாராம். "உங்க சத்தம் மட்டும்தாண்ணே வந்துச்சு. நீங்க யாருகிட்டப் பேசிக்கிட்டிருந்தீக?" என்றார்.

அதற்கு மேல் நான் அறிவியல் பேசவில்லை. மாடிக்கு ஓடி இரண்டு மூங்கில்களையும் இறக்கினேன். அத்தனை நாள் மதுரை வெயிலில் நின்றும் வெட்டியெடுத்த அன்று இருந்த பச்சை அப்படியே இருந்தது. மறுநாள் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் அறுத்து எரித்துவிடலாம் என்று மாடிச் சுவரோரம் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டை எட்டிப்பார்த்தேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் வந்தது. வள்ளி அக்கா என்னைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டார். கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அலறல் கேட்டது. பக்கத்து வீட்டில் இல்லை, எதிர் வீட்டில்.

பாண்டி குளித்து, தலை சீவி, கடைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டக் குனிந்திருக்கிறான். குனிந்தவன் நிமிரவில்லை. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம், ஆம்புலன்ஸில் திரும்பி வந்தோம். காய்ச்சல் என்று ஒருநாள்கூடப் படுக்காதவன். அவன் மகள் பள்ளிக்கூடச் சீருடையோடு, ஒரு பக்கம் மட்டும் பின்னிய சடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மதியம் பாடை கட்ட ஆள் வந்தது. மூங்கிலுக்குக் கடைக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று பேச்சு வந்தபோது யாரோ சொன்னார்கள், "எதுக்கு அலையணும், ரேடியோக்கார அண்ணன் மாடில ரெண்டு பச்ச மூங்கில் கெடக்கே." நான் என்ன சொல்லி மறுக்க முடியும்? நானே போய் எடுத்து வந்து கொடுத்தேன். நானே ஒரு முனையில் தோளும் கொடுத்தேன்.

இதோடு நின்றிருந்தால் தற்செயல் என்று சொல்லி என்னை நானே சமாதானப்படுத்தியிருப்பேன். ரேடியோவை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டாயிற்று. கொஞ்ச நாள் கழித்து ஒரு மதியம், மாடியில் துணி காயப்போட வந்த வள்ளி அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டார். அத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் பேசினார்.

"தம்பி, அன்னிக்கு ரேடியோவுல ஒங்ககிட்டப் பேசுனது யாரு?"

நான் பேசுவது அவர்கள் டிவியில் கேட்கும், சரி. எனக்கு வருகிற குரல் கேட்கவே முடியாது. அது என் காதில் மாட்டியிருந்த ஹெட்போனுக்குள் வந்தது.

"நீங்க பேசுனதும் கேட்டுச்சு, அந்த ஆளு பேசுனதும் கேட்டுச்சு. படம் அதுபாட்டுக்கு ஓடுது, சத்தம் மட்டும் ஒங்களோடது" என்று ஆரம்பித்து, மூங்கில் வந்துவிட்டதா, பச்சை காயவில்லையே, ஆள் தயார்தானே என்று ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். "நீங்க வேணாம்னு கத்துனீகள்ல, அதுக்கப்புறம்..."

"அதுக்கப்புறம் என்னக்கா? நான் பெட்டியவே அமத்திட்டேனே."

"எங்க டிவில நிக்கலையே தம்பி. 'அப்ப எந்த வீடு'ன்னு கேட்டாக. கூரியர்க்காரக கேக்குற மாதிரி, தன்மையாத்தான் கேட்டாக. இவரு கட்டில்ல தூங்கிக்கிட்டிருந்தாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. இங்க இல்ல, இங்க இல்லன்னு சொன்னேன். திரும்பவும் கேட்டாக."

கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். அதில் பிழிவதற்குத் தண்ணீர் இல்லை.

"எதிர் வீடுன்னு சொல்லிட்டேன்."

டிவிக்குக் காது கிடையாது அக்கா, நீங்கள் சொன்னது எங்கேயும் போகாது என்று சொன்னேன். நான் படித்த படிப்பு அதைத்தான் சொல்கிறது. அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை, சொன்ன எனக்கே நம்பிக்கை இல்லை.

சோமு அண்ணன் இப்போது நன்றாக இருக்கிறார். டியூட்டிக்குக்கூடப் போகிறார். பாண்டி மகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது அவர்தான், பாவம் தகப்பனில்லாத பிள்ளை என்று கண் கலங்குவார். வள்ளி அக்கா அந்த வீட்டுக்குத் தினமும் குழம்பு கொடுத்தனுப்புகிறார், தான் மட்டும் வாசல்படி மிதிப்பதில்லை. அவர்கள் வீட்டு டிவியில் இப்போதெல்லாம் சத்தமே கிடையாது, படம் மட்டும் ஓடுகிறது. "ஒங்க அக்காவுக்குச் சத்தமே ஆகலையாம் மாப்ள, ரிமோட்டக் கையில குடுக்க மாட்டேங்குறா" என்று அண்ணன் என்னிடம் புலம்புகிறார்.

போன வாரம் அக்கா வாசலில் தனியாக நிற்கும்போது கேட்டேன், எதற்கு அக்கா இப்படி, அண்ணன் பாவம், சத்தம் வைக்க வேண்டியதுதானே என்று.

"திரும்பவும் வந்து கேட்டா நான் எந்த வீடுன்னு தம்பி சொல்லுவேன்?"

எங்கள் வாசலில் புவனா குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.