கூரைக்குக் கீழே ஒரு முழம்

ஐம்பதுகளின் கடைசி அது. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக் கடைவீட்டு மாடியில் பிறந்து வளர்ந்த என்னை, ஊருக்கு வெளியே சுவா சூ காங்கில் மாட்டுப்பண்ணை வைத்திருந்த குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாமியார் காலமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. மாமனார், கணவர், நான், பதினோரு மாடுகள். அவ்வளவுதான் குடும்பம்.

அந்த வீட்டைப் பார்த்ததும் எனக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று இன்றைக்கும் தெரியவில்லை. மாமனார் முதலில் கட்டியது மாட்டுக்கொட்டகைதான். அத்தாப்பு ஓலைக் கூரைக்குக் கீழே நாலு மாடும், ஒரு மூலையில் அவருமாகப் படுத்திருந்தார்களாம். கல்யாணம் ஆனதும், துறைமுகத்தில் கழித்துப்போட்ட சரக்குப்பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து நடுவே ஒரு சுவர் வைத்தார். அந்தப் பக்கம் மாடு, இந்தப் பக்கம் மனுஷர். பிள்ளை பிறந்ததும் ஓர் அறை, கொஞ்சம் தலைநிமிர்ந்ததும் சிமெண்ட் தரை, பிறகு அத்தாப்பை எடுத்துவிட்டுத் தகரம். கூரை கொட்டகையில் தாழ்வாகத் தொடங்கி, சரிவாக ஏறி, எங்கள் கூடத்து உச்சியில் ஒரு திறப்பில் போய் முடியும். நடுச்சுவர் மட்டும் கூரையைத் தொடாது. ஒரு முழம் இடைவெளி. பலகை பற்றாமல் போய்விட்டதாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலமானால் கொசுவுக்காக மாடுகளுக்கு மூட்டம் போடுவோம். தேங்காய் மட்டையும் பச்சைப் புல்லும் புகையும். அந்தப் புகை பெரும்பாலும் அந்த ஒரு முழத்தின் வழியே எங்கள் பக்கம் வந்துதான் வெளியே போகும். தலைமுடி, தலையணை, சோறு, எல்லாவற்றிலும் புகை. ஒரு கல்யாண வீட்டில் என் சித்தி மகள் மூக்கைச் சுளித்து, அடுப்படியிலிருந்து நேராக வருகிறாயா என்று நாலு பேர் நடுவில் கேட்டுவிட்டாள். எனக்கோ மூக்குக்கு மேலே கோபம். அடுத்த கல்யாணம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. இந்தப் புகையை ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், அப்பாவும் பிள்ளையும் பால் ஊற்றப் போயிருந்தார்கள். ஏணி போட்டு ஏறி, தவிட்டுச் சாக்குகளைச் சுருட்டி, இடைவெளி முழுவதையும் இறுக்கி அடைத்து ஆணி அடித்தேன். மழை பிடித்துக்கொண்டது. சாரல் அடிக்கக் கூடாதென்று மாமனார் கொட்டகையின் பக்கத் தட்டிகளை முன்பே இறக்கிவிட்டுப் போயிருந்தார். நானே மூட்டத்தைப் போட்டுவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். பொட்டுப் புகை இல்லை! பட்டுச்சேலையை விரித்து இஸ்திரி போடத் தொடங்கினேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தகரத்தில் விழுந்த மழைச் சத்தத்தில் மாடுகள் கதறியது என் காதில் விழவே இல்லை.

திடீரென்று பக்கத்துத் தோட்டத்துச் சீன அம்மா சொட்டச் சொட்ட நனைந்தபடி உள்ளே ஓடிவந்தார். கீரை போடுகிறவர். அதுவரை நாங்கள் பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி. கையில் மண்வெட்டி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக நடுச்சுவருக்குப் போய், ஸ்டூல் மேல் ஏறி, சாக்குகளை மண்வெட்டியால் கொத்தி இழுத்தார். குபுகுபுவென்று புகை கொட்டியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

கொட்டகைக்குள் கண் தெரியவில்லை. தட்டிகளைத் தூக்கிவிட்டு, தடவித் தடவிக் கயிறுகளை அவிழ்த்தோம். பத்து மாடுகள் மழைக்குள் ஓடின. நிறைசினையாக இருந்த கருப்பி மட்டும் முன்னங்கால் மடங்கி, நாக்கு வெளியே தள்ளக் கிடந்தாள். அவள் போனால் வயிற்றில் இருப்பதும் போகும். அடிப்பாவி, ஒரு சேலைக்காக இரண்டு உயிரா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். சீன அம்மா வாலை முறுக்க, நான் தோள் கொடுத்து முட்ட, எப்படியோ எழுப்பி வெளியே தள்ளினோம். கொஞ்ச நேரம் மழையில் தள்ளாடி நின்றுவிட்டு, பலமாக ஒரு தும்மல் போட்டாள். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

சீன அம்மா என் முதுகைத் தட்டி, “தாப்பா லா” என்றார், பரவாயில்லையாம். கிழிந்த சாக்குகளை ஒன்று விடாமல் பொறுக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வாயில் விரல் வைத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்று இரவு, புகை மண்டிக் கருப்பி விழுந்துவிட்டாள் என்று மட்டும் சொல்லிச் சோறு போட்டேன். மாமனார் தட்டில் கையே வைக்கவில்லை.

“தப்பு எம்மேலதான். தட்டிய எறக்குனவன் ஒரு பக்கமாவது தொறந்து வச்சிருக்கணும். வயசாச்சு, புத்தி மழுங்கிப் போச்சு,” என்றார்.

கணவரும் தலையாட்டினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஆனால் அந்த மனுஷர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

“நாந்தான் மாமா. சேலையில பொக அடிக்குதுன்னு மேல சாக்கு வச்சு அடைச்சிட்டேன்.”

மாமனார் சுவரை அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். என் மாமியாரும் வந்த புதிதில் இதே இடத்தை இதே மாதிரி அடைத்தவர்தானாம். அன்றைக்கும் ஓடிவந்து பிய்த்துப் போட்டது அந்தச் சீன அம்மாதானாம்.

“ஆனா ஒங்க அத்தை அத எங்கிட்ட சொல்ல பன்னெண்டு வருசமாச்சு. நீ ஒரு வேள சோத்துக்குள்ள சொல்லிட்ட,” என்று சொல்லித் தட்டை இழுத்துக்கொண்டார்.

கருப்பி அடுத்த வாரமே கிடேரிக் கன்று போட்டாள். அந்தப் பண்ணையும் வீடும் இப்போது இல்லை. அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. கல்யாணமாகிப் போன நாளிலிருந்து எட்டு மாதம் அது அவர்கள் வீடாகத்தான் எனக்குத் தெரிந்தது. தப்பை ஒப்புக்கொண்டு, மறுசோறு போட்டுக்கொண்டு சாப்பிட்ட அந்த ராத்திரியிலிருந்துதான் அது என் வீடு.