மூச்சைச் சேமித்தவர்

ஞாயிறு பூசையில் பங்குசாமி பிரசங்கத்தைத் தொடங்கியதும் கிளாட்வின் அண்ணாச்சி வாயை இறுக மூடி மூச்சை அடக்குவார். வலது கைவிரல்கள் தொடையில் எண்ணிக்கை போடும். தொண்ணூறை நெருங்கும்போது காது சிவந்துவிடும். மூச்சை விட்டதும், யாராவது கவனித்தார்களா என்று ஒரு பார்வை பார்ப்பார். பெண்கள் பக்கத்திலிருந்து கவனித்தது நான் ஒருத்திதான், தலையைக் குனிந்துகொள்வேன். பன்னிரண்டு வருஷம், ஞாயிறு தவறாமல் இது நடந்தது. பிரசங்கத்தில் ஒரு வரியாவது அவர் காதில் விழுந்திருக்குமா என்பது சந்தேகம்.

அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். 1961இல் முத்துக்குளிக்க இறங்கி, தொண்ணூறு எண்ணும்வரை அடியில் இருந்தவர். அதன்பிறகு முத்துக்குளிப்பு நின்றுபோனது. அண்ணாச்சியின் பெருமை நிற்கவில்லை. உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். காவல் என்றால் வாசலில் ஒரு நாற்காலி. வீட்டுக்கு வந்தால் இன்னொரு நாற்காலி. இரண்டுக்கும் நடுவில் சைக்கிள் ரிக்‌ஷா.

அதற்கு அவரிடம் ஒரு தத்துவம் இருந்தது. கடவுள் ஒவ்வொருவருக்கும் இத்தனை மூச்சு என்று அளந்து கொடுத்திருக்கிறார். நடப்பவர்களும் ஓடுபவர்களும் அதைச் சீக்கிரம் செலவழித்துவிட்டுப் போய்ச் சேருகிறார்கள். அந்தக் கணக்கில் அவருக்கு நூறு வயது. மூன்றாம் தெருக் குழாயிலிருந்து தினமும் பத்துக் குடம் சுமக்கும் மனைவி இசபெல்லாவுக்கு ஐம்பது.

"ஏளா, இப்பிடி இரைக்க இரைக்க நடந்தா அம்பதத் தாண்டமாட்ட."

"நான் போயிட்டா உங்களுக்குத் தண்ணி யாரு எடுப்பா?"

"அதத்தான்ளா நானும் யோசிக்கேன்."

யோசித்ததோடு விடவில்லை. கல்லறைத் தோட்டத்தில் வேப்பமர நிழலாக அவளுக்கு ஓர் இடமும் பார்த்து வைத்தார். அன்பான மனிதர்.

1973இல் புதுத் துறைமுக வேலைக்குக் கடலடியில் இறங்க ஆள் எடுத்தார்கள். அண்ணாச்சிக்கு நாற்பத்தைந்து வயது. "இன்னொரு தடவ கடலுக்குள்ள இறங்கிட்டாப் போதும்ளா" என்று அவர் சொன்னது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. அந்தக் குரலில் மட்டும் பெருமை இல்லை.

உடல் பரிசோதனைக்கு ரிக்‌ஷாவில் போனார். அவருடைய சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு இசபெல்லா அக்கா நடந்து போனாள். அங்கே நடந்ததை அவள்தான் பிறகு குழாயடியில் சொன்னாள். டாக்டர் மதுசூதனன் ஆழ்வார்திருநகரிக்காரர், பொறுமைசாலி. அண்ணாச்சி மூச்சடக்கிக் காட்டியதை முழுவதும் கடிகாரம் பார்த்து ரசித்தார்.

"பிரமாதம். இப்ப இந்தப் பெட்டி மேல ஏறி இறங்கும். அஞ்சு நிமிஷம்."

இரண்டாவது நிமிஷத்தில் அண்ணாச்சி மேஜையைப் பிடித்துக்கொண்டார். நாடி நெடுநேரம் அடங்கவில்லை.

"பெட்டி ஆடுது டாக்டர்."

டாக்டர் இசபெல்லாவைப் பார்த்தார். "நீங்க ஏறிப் பாருங்கம்மா."

அவள் சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷமும் ஏறி இறங்கினாள். நடுவில், "சீக்கிரம் விட்டுருவியளா? மீனு வாங்கணும், சந்தையில வித்துத் தீந்துரும்" என்று வேறு கேட்டாள். அவள் நாடி சீக்கிரமே நிதானத்துக்கு வந்துவிட்டது. பெட்டி ஆடவில்லை.

"மூச்ச அடக்குறதுல உம்மை யாரும் மிஞ்ச முடியாது," என்றார் டாக்டர். "ஆனா அடியில இறங்கி வேலை பாக்கணுமே. அப்ப உடம்பு கேக்குற காத்தை இருதயம்தான் கொண்டு சேக்கணும். உக்காந்தே இருந்தா அது பலவீனமாயிரும், ஆயுசும் குறையும்."

"நடந்தா மூச்சு செலவாகுமே?"

"உம்ம சம்சாரம் செலவழிச்சதைத்தான் இப்ப பாத்தீரே. மூணு மாசம் தினமும் வேகமா நடந்துட்டு வாரும். தேறினா கையெழுத்துப் போடுதேன்."

எங்கள் தெருவில் ஒருவன் காரணமில்லாமல் நடந்தால், மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கையில் ஏதாவது வேண்டும். வேறு வழியில்லாமல் அண்ணாச்சி இரண்டு குடங்களை எடுத்தார். முதல் நாள் குழாயடியில் தண்ணீர் பிடிக்க வந்த கிருபை அவரைச் சும்மா விடவில்லை.

"என்ன அண்ணாச்சி, முத்து இப்பக் குழாய்லயா வருது?"

பத்துப் பெண்கள் சிரித்தார்கள். சத்தியமாக நானும் சிரித்தேன், முந்தானைக்குள். அண்ணாச்சிக்குப் பதில் சொல்ல மூச்சு இருந்தால்தானே. நாலு இடத்தில் குடத்தை இறக்கி வைத்து வீடு போய்ச் சேர்ந்தார். இரண்டாம் மாதம் ஒரே மூச்சில் போனார். மூன்றாம் மாதம் கிருபைக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனார். அது எழுதத் தகாது.

டாக்டர் கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சி பன்னிரண்டு வருஷம் கடலுக்குள் இறங்கி ஏறினார். எல்லாம் தாம் சேமித்து வைத்த மூச்சின் பலன் என்று இன்றும் சொல்கிறார். இசபெல்லா அக்கா மறுப்பதில்லை.

இது 1999. வீட்டுக்குள்ளேயே குழாய் வந்து பத்து வருஷமாகிறது. அண்ணாச்சி எழுபத்தொரு வயதிலும் காலையில் இரண்டு குடங்களோடு மூன்றாம் தெருவுக்குப் போய் வருகிறார். அறுபத்தெட்டு வயது இசபெல்லா அக்கா அவருக்கு நாலடி முன்னால் நடக்கிறாள். வேப்பமரத்தடி இடம் காலியாகவே இருக்கிறது.