சாணம் போன வழி

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கிராம சேவிகாவாக வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. அப்பா ஏலாக்குறிச்சிப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். உடையார்பாளையத்துக்குத் தெற்கே ஏழெட்டு ஊர்களை என் பொறுப்பில் கொடுத்தார்கள். டவுன் பஸ் போகிற இடம் வரைக்கும் பஸ், அதற்கப்புறம் செம்மண் பாதையில் நடை. ஊர்க்காரர்கள் என்னை 'சேவிகாம்மா' என்பார்கள். என்னைவிட மூத்தவர்கள்கூட அப்படிக் கூப்பிட்டது முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

அந்த வருஷம் எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் ஒரே பேச்சு, சாண எரிவாயு. விறகு எரித்தால் காடு குறைகிறது, புகையால் பெண்களின் கண்ணும் நெஞ்சும் கெடுகின்றன, சாணத்தை வரட்டி தட்டி எரித்தால் நிலத்துக்கு எரு இல்லாமல் போகிறது. அதே சாணத்தைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் விட்டால் அடுப்புக்கு வாயுவும் கிடைக்கும், வயலுக்கு எருவும் மிஞ்சும். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த இதை நான் முழுசாக நம்பினேன். இன்றைக்கும் இதில் பொய் ஏதும் இருப்பதாக நினைக்கவில்லை.

முதல் தொட்டியை ஒன்பது மாடுகள் இருந்த ஒரு வீட்டில் கட்டினோம். நெல் வயலும் பெரிய முந்திரித் தோப்பும் உள்ள குடும்பம். அந்த வீட்டம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கண் இரண்டும் எப்போதும் சிவந்து நீர் வழிந்துகொண்டே இருக்கும். நான்கு வார்த்தை பேசினால் ஒரு முறை இருமுவார். நான் எரிவாயுவைப் பற்றிச் சொன்னபோது ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு முழுதும் கேட்டார்.

"நீ சொல்ற மாரி பொகையே இல்லாம எரியுமாம்மா?"

"எரியும்மா. பாத்திரத்துல கரிகூடப் புடிக்காது."

அவருடைய கணவருக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. அந்தம்மாதான் விடாப்பிடியாக நின்று சம்மதிக்க வைத்தார். கொல்லையில் கிணறு மாதிரி குழி வெட்டி, செங்கல் வைத்துக் கட்டி, மேலே கவிழ்க்கும் இரும்புத் தொட்டியைத் திருச்சியிலிருந்து லாரியில் வரவழைத்தோம். முதல் நிரப்புக்கு வண்டி வண்டியாகச் சாணம் தேவைப்பட்டது. பக்கத்துத் தொழுவங்களிலிருந்தும் வாங்கிக் கொட்டினார்கள். அதற்கப்புறம் பல நாள் எதுவும் நடக்கவில்லை. ஊரில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு நாள் காலையில் உள்ளே வாயு சேர்ந்து இரும்புத் தொட்டி ஒரு முழம் மேலே எழும்பி நின்றது. அடுப்பைப் பற்ற வைத்தபோது நீல நிறத்தில் சத்தமில்லாமல் எரிந்தது. அந்தம்மா டீ போட்டுத் தெருவுக்கே கொடுத்தார். கொடுத்து முடித்த பிறகும் அடுப்பங்கரையில் நின்று அந்த நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அரியலூரிலிருந்து ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர்களை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். அங்கே ஒரு பெண் முழங்கை வரைக்கும் சாணத்தோடு நின்று கரைத்துக்கொண்டிருந்தார். போட்டோவில் விழாதபடி கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன். அவரும் சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டார்.

அவர்தான் அந்த வீட்டு மாட்டுக்கொட்டகையைக் கூட்டுகிறவர். சொந்த நிலமில்லாத குடும்பம், ஊருக்குக் கிழக்கே காலனியில் மகளோடு இருந்தார். பதினைந்து வருஷமாக விடியற்காலையில் வந்து கொட்டகையைச் சுத்தம் செய்வார். கூலியாகத் தானியம், அதோடு தினம் இரண்டு கூடைச் சாணம். அந்தச் சாணத்தை வரட்டி தட்டித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. இந்த விவரமெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. தொட்டி கட்டுவதற்கு முன் மாடு எத்தனை, தண்ணீர் வசதி உண்டா, கொல்லையில் இடம் இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டேன். அந்தச் சாணம் இதுவரை எங்கே போய்க்கொண்டிருந்தது என்று யாரிடமும் கேட்கவில்லை.

நாலைந்து மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போனபோது அந்தம்மாவே குனிந்து சாணம் கரைத்துக்கொண்டிருந்தார். கண் சிவப்பு நன்றாகக் குறைந்திருந்தது, இருமலும் அவ்வளவாக இல்லை. ஆனால் கோபமாக இருந்தார்.

"ஆறு நாளா அவ வரலம்மா. கால்ல ஏதோ முள்ளுன்னு யாரோ பேசிக்கிறாங்க. ஒரு சொல் சொல்லி அனுப்ப வேணாமா?"

நான் காலனிக்குப் போனேன். அவர் வீட்டுச் சுவரில் வரட்டி ஒன்றுகூட இல்லை, முன்பு தட்டி எடுத்த வட்டத் தடங்கள் மட்டும் இருந்தன. உள்ளே ஒரு சாக்கின் மேல் காலை நீட்டிப் படுத்திருந்தார். பாதம் வீங்கி, விரல்கள் கறுத்துப்போயிருந்தன. வாடை வாசல் வரைக்கும் வந்தது.

"எப்படிங்க ஆச்சு?"

"ஓடக்கரையில சீமக்கருவ வெட்டப் போனேங்க. முள்ளு ஏறிடுச்சு. எருக்கம்பால வச்சுட்டு மறுநாளும் கொட்டாய்க்குப் போனேன். சாணியிலயே நின்னுட்டு இருந்தேனா, சீழ் புடிச்சிருச்சு."

"நீங்க எதுக்கு வெறகு வெட்டப் போனீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

"சாணிதான் இல்லீங்களே."

திரும்பி ஓடிப்போய் தொட்டி கட்டிய வீட்டிலேயே மாட்டுவண்டி கேட்டேன். வீட்டுக்காரர் மறுபேச்சுப் பேசாமல் வண்டி பூட்டினார். ரோடு வரைக்கும் வண்டி, அங்கிருந்து பஸ். அரியலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பாதமே போயிருக்கும்" என்றார். இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

மறுநாள் பார்க்கப் போனேன். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று, "தினம் ஒரு கூடையாவது உங்களுக்குக் குடுக்கச் சொல்லி அந்தம்மாகிட்டப் பேசுறேன்" என்றேன்.

"வேணாங்க. ஒரு கூட கொறஞ்சாலும் அங்க ராத்திரிச் சோத்துக்கு அடுப்பு எரியாது. கரைக்கிறவ நானு, எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு அவரே தொடர்ந்தார். "அவங்க முந்திரித் தோப்புல கழிச்சுப் போடுற கட்டையெல்லாம் முன்ன அவங்க அடுப்புக்குத்தான் போவும். இப்ப யாருக்கும் வேணாம்னு கெடக்கு. போன மாசம் செங்கச் சூளைக்காரன் லாரியில ஏத்திட்டுப் போயிட்டான். அதுல கொஞ்சம் எனக்குக் குடுக்கச் சொல்லுங்க. சாணிய அவங்களே வச்சுக்கட்டும்."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"யாருங்க கேட்டாங்க?"

பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கேள்விதான் மனசில் நின்றது. அந்த வீட்டில் மிச்சமான விறகு சூளைக்குப் போயிருக்கிறது. இந்த வீட்டில் இல்லாமல் போன வரட்டிக்கு ஓடைக்கரைப் புதர் வெட்டுப்பட்டிருக்கிறது. நானோ விறகு மிச்சமானது என்று மட்டும் அறிக்கை எழுதி அனுப்பியிருந்தேன்.

வீட்டம்மாவிடம் சொன்னபோது அவருக்கு முதலில் சுருக்கென்றது.

"நான் என்ன அவள முள்ளு மேல ஏறி மிதிக்கச் சொன்னனா? இருவத்தஞ்சு வருசம் நான் பொகையில வெந்தேன். அப்ப எவ வந்து என்னக் கேட்டா?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அப்படிக் கேட்டாலும் அந்த அம்மா மறு ஞாயிற்றுக்கிழமை தானே அரியலூர் போய்க் காலைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று இருவருமே என்னிடம் சொல்லவில்லை. நான் அடுத்த முறை போனபோது வீட்டில் கணவன் மனைவிக்குள் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"சூளைக்காரனுக்கு வாக்குக் குடுத்தாச்சுடி," என்றார் கணவர்.

"அடுப்பு என்னோடது. அதுக்குன்னு ஒதுக்குன வெறவும் என்னோடதுதான். அது அவளுக்குப் போவட்டும்."

அதற்குப் பிறகு வாரம் ஒரு கட்டு முந்திரி விறகு காலனிக்குப் போனது. கால் ஆறியதும் அவர் குதிகாலை ஊன்றி நடக்கப் பழகி, மறுபடி கொட்டகை வேலைக்கு வந்தார். அவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க சேவிகாம்மா, நல்லது நெனச்சுத்தான செஞ்சீங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியவில்லை. அடுத்த இரண்டு வருஷத்தில் அதே ஊரில் இன்னும் மூன்று தொட்டிகள் வந்தன. ஒவ்வொரு கொட்டகையையும் கூட்டுகிறவர் ஒருவர் இருந்தார். அவர்களுக்கும் சாணம் நின்றது. பதிலுக்கு விறகு கொடுக்கச் சொல்லி நான் மூன்று வீட்டிலும் பேசினேன். ஒரு வீட்டில் ஒத்துக்கொண்டார்கள். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களுக்குத் தோப்பு கிடையாது, கொடுக்க விறகும் இல்லை. "யாருக்காகம்மா இந்தத் தொட்டியக் கட்டுன?" என்று அங்கே கொட்டகை கூட்டும் ஒருவர் முகத்துக்கு நேராகக் கேட்டார். விறகுக்கு வெட்டி வெட்டி ஓடைக்கரைப் புதர் வேரோடு போனது. ஐப்பசி மழையில் கரை உடைந்து, கீழே இருந்த சோளக்கொல்லை ஒன்றில் மணல் ஏறிவிட்டது.

வருஷ முடிவில் மிச்சமான விறகை எழுதும் படிவம் வந்தது. ஆபீசரிடம் கேட்டேன், "வெட்டுப்பட்டத எங்க சார் எழுதுறது?"

அவர் கெட்டவர் இல்லை. படிவத்தை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லையேம்மா," என்றார். படிவத்துக்குப் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். யாராவது படித்தார்களா தெரியாது.

பிறகு எனக்குச் செட்டிகுளம் பக்கம் மாற்றல் வந்தது. அங்கேயும் தொட்டி கட்டினேன். வேண்டாம் என்று நான் யாரையும் தடுக்கவில்லை. புகையில் இருமிக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணிடம் போய் அப்படிச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் குழி தோண்டுவதற்கு முன் வீட்டுக்காரர்களோடு பேசி முடித்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் போய், அங்கே கூட்டிக்கொண்டிருப்பவரிடமும் உட்கார்ந்து பேசுவேன். செட்டிகுளம் பக்கத்து முதல் ஊரில் அப்படிப் பேசியபோது அந்தப் பெண் துடைப்பத்தைக் கீழே வைக்காமலே மீதிக் கொட்டகையையும் கூட்டி முடித்தார். அப்புறம் மெதுவாக, தனக்கு ஒரு நாளைக்கு எத்தனை வரட்டி வேண்டும் தெரியுமா என்று ஆரம்பித்தார். நான் கேட்டுக்கொண்டேன்.